உச்சக் காட்சியில் அணைந்த ரிசீவர்: ஒரே பெட்டியா, தனித்தனிக் கருவிகளா?

படத்தில் சண்டைக் காட்சி உச்சத்தை நெருங்கும்போது, வீட்டுத் திரையரங்கின் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவர் தானாக அணைந்துவிடுகிறது. சற்று நேரம் விட்டு மறுபடி இயக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்கிறது. புகார் இவ்வளவுதான். ஆனால் புகார் என்னிடம் வரும்போதே ஒரு தீர்ப்பையும் சுமந்துகொண்டு வந்தது. "எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் இப்படித்தான் ஆகும். பிராசஸரைத் தனியாகவும் பவர் ஆம்பைத் தனியாகவும் வாங்கிவிடுங்கள்" என்று ஒரு விற்பனையாளர் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். அதை ஏற்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள்.

இந்த விவாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. தனித்தனிக் கருவிகளில்தான் உண்மையான ஒலி இருக்கிறது, ரிசீவர் வெறும் சமரசம் என்பது ஒரு கட்சி. இன்றைய ரிசீவரில் இல்லாதது எதுவுமில்லை, மற்றதெல்லாம் பெருமைக்குச் செய்யும் செலவு என்பது மறுகட்சி. இரண்டுமே பெட்டிகளை எண்ணுகின்றன. எண்ண வேண்டியது வேலைகளை. ரிசீவருக்குள் குறைந்தது நான்கு வேலைகள் நடக்கின்றன: எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் ஒலியையும் உரிய இடத்துக்குத் திருப்பிவிடுவது, டால்பி, டிடிஎஸ் போன்ற வடிவங்களில் சுருக்கப்பட்ட ஒலியைச் சேனல்களாக விரிப்பது, அதை அறைக்கேற்பத் திருத்துவது, கடைசியாக ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு மின்திறனைப் பெருக்குவது. முதல் மூன்றும் கணினியின் வேலை; தனியாக வாங்கினால் பிராசஸர் செய்வது. நான்காவது மட்டும் கனத்த மின்சார வேலை; பவர் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர் செய்வது. இந்த வீட்டில் தடுமாறியது எது என்று தெரியாமல் எதைப் பிரிப்பது?

அறையும் வீட்டாரும்

வரவேற்பறை 5.2 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம். நீளம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பின்னால் இது தன் வேலையைக் காட்டும். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் காதுக்கும் பின்சுவருக்கும் இடையே அரை மீட்டர். காதுக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கும் இடையே 4 மீட்டர்.

அமைப்பு 5.1. முன்னால் தரையில் நிற்கும் இரண்டு உயரமான ஸ்பீக்கர்கள், நடுவில் ஒன்று, பக்கங்களில் இரண்டு சிறியவை, பாஸுக்கென்றே, சொந்த ஆம்ப்ளிஃபயரோடு ஒரு சப்வூஃபர். முன் ஸ்பீக்கர்களின் குறிப்பேட்டில் மூன்று விவரங்கள் முக்கியமானவை. உணர்திறன், 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபல். பெயரளவு மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, 4 ஓம்; இது குறையக் குறைய ஆம்ப் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டும். சில அதிர்வெண்களில் அது 3.2 ஓம் வரை இறங்கும். நடு ஸ்பீக்கர் 88 டெசிபல், 6 ஓம். அதனால் சிக்கல் இல்லை. பக்க ஸ்பீக்கர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் நாள்தோறும் மாலையில் பாட்டுக் கேட்பவர். தனியாக இருக்கும்போது சத்தமாகவே கேட்பவர். வார இறுதியில் குடும்பமாகப் படம் பார்ப்பார்கள். மகளுக்கு விளையாட்டுக் கன்சோல். மனைவி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: யார் வேண்டுமானாலும் ஒரே ரிமோட்டில் இயக்க முடிய வேண்டும். கேட்கும்போது எளிதாகத் தோன்றிய இந்த நிபந்தனைதான் கடைசியில் பாதித் தேர்வுகளைக் கழித்துக்கட்டியது.

பெட்டியின் மேல் இருந்த எண்

ரிசீவர் வந்த அட்டைப்பெட்டியில் "ஒரு சேனலுக்கு 165 வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஏழு சேனல். "165 வாட் போதாமலா அணைகிறது?" என்பது வீட்டுக்காரரின் கேள்வி. நியாயமான கேள்விதான், எண் நியாயமானதில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதே ரிசீவருக்கு 90 வாட் என்று போட்டிருந்தது. இரண்டு சேனல்கள் மட்டும் இயங்கும்போது, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08% சிதைவுடன் கிடைக்கும் அளவு அது. இந்த 90 எப்படி 165 ஆனது என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 8 ஓமுக்குப் பதில் 6 ஓமில் அளந்தால் 120. சிதைவு 10% வரை போகலாம் என்று விட்டுவிட்டால் இன்னும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறி 160-ஐத் தொடுகிறது. முழு அதிர்வெண் வரம்பை விட்டுவிட்டு 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றைத் தொனியில், அதுவும் ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி அளந்தால் மிச்சமும் வந்துவிடும். அட்டைப்பெட்டி பொய் சொல்லவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்கிறது, அவ்வளவுதான். 10% சிதைவில் பாட்டுக் கேட்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஐந்து சேனல்களும் ஒருசேர இயங்கும்போது அந்த 90-ம் நிலைக்காது. ரிசீவரில் எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்து ஒரே மின்மாற்றி, ஒரே மின்வழங்கி. மொட்டைமாடித் தொட்டி ஒன்றிலிருந்து வீடு முழுக்கக் குழாய் போட்டதுபோல. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒவ்வொன்றிலும் வேகம் குறையும். ஆனால் இதை வைத்து ரிசீவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. படங்களில் எல்லாச் சேனல்களும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது. பக்கச் சேனல்கள் பெரும்பாலான நேரம் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு விஷயம். 90-க்கும் 165-க்கும் இடையே காதில் விழும் வேறுபாடு 2.6 டெசிபல் மட்டுமே. மின்திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். பத்து மடங்காக்கினால்தான் 10 டெசிபல், அதாவது நம் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தம். 100 வாட் ரிசீவரை விட்டு 120 வாட் ரிசீவருக்குப் போகிறவர் வாங்குவது 0.8 டெசிபல். விளம்பரங்களில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

செலவில்லாமல் பார்த்தவை

புதிய கருவி எதையும் பேசுவதற்கு முன்னால் இருப்பதைச் சோதிப்பது முறை. முதலில் ஸ்பீக்கர் கம்பிகள். முறுக்கிய கம்பியிலிருந்து ஓர் இழை விலகிப் பக்கத்து முனையைத் தொட்டாலே பாதுகாப்புச் சுற்று ரிசீவரை அணைத்துவிடும். இங்கே கம்பிகள் சுத்தமாக இருந்தன.

அடுத்து, ரிசீவர் இருந்த இடம். மூன்று பக்கமும் மூடிய அலமாரித் தட்டு. மேலே இரண்டு விரல் இடைவெளி. ரிசீவர்களில் பெரும்பாலானவை ஏபி வகுப்புப் பெருக்கிகள். வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பகுதியை வெப்பமாகவே வெளிவிடுபவை. கோட்பாட்டளவில்கூட அவற்றின் உச்சத் திறமை 78.5% தான். அந்தச் சூடு போக வழியில்லாமல் அவர்கள் அதைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்திருந்தார்கள்.

மூன்றாவதாக அமைப்புப் பட்டியலைத் திறந்தேன். மின்மறுப்புத் தேர்வு "4 ஓம்" என்று இருந்தது. ஸ்பீக்கர் 4 ஓம் என்பதால் யாரோ அக்கறையோடு மாற்றியிருக்கிறார்கள். பல ரிசீவர்களில் இந்தத் தேர்வு செய்வது, உள்ளே பெருக்கிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பதுதான். கருவி சூடாகாது, ஆனால் ஒலி அலையின் உச்சி முன்னதாகவே வெட்டுப்படும். இது பாதுகாப்புச் சோதனைகளில் தேறுவதற்காக வைத்த வசதி. நன்றாகக் கேட்பதற்காக வைத்ததில்லை. காற்றோட்டம் இருந்தால் அதை 8 ஓமிலேயே விட்டுவிடுவது மேல்.

நான்காவதுதான் பெரிய மீன். முன் ஸ்பீக்கர்கள் "பெரியவை" என்று குறிக்கப்பட்டிருந்தன. தானியங்கி அளவீட்டை ஓட்டினால் தரையில் நிற்கும் ஸ்பீக்கர்களை ரிசீவர் பெரும்பாலும் இப்படித்தான் குறித்துக்கொள்கிறது. இதன் பொருள், அந்தச் சேனல்களின் அடிமட்ட பாஸ் முழுவதும் சப்வூஃபருக்குப் போகாமல் இந்த ஸ்பீக்கர்களுக்கே போகும். பாஸ்தான் ஆம்ப்ளிஃபயரை வாட்டுவது. சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபர் பக்கத்தில் சும்மா இருக்க, ரிசீவர் அதன் சுமையையும் தூக்கிக்கொண்டிருந்தது. "சிறியவை" என்று மாற்றி, பாஸைச் சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். திரையரங்க ஒலிக்கான டிஎச்எக்ஸ் தரம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் எல்லை அது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது என்பதால், பாஸைச் சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டாலும் கேட்பவருக்கு உறுத்தாது. தம் ஸ்பீக்கர்களைச் "சிறியவை" என்று அழைத்ததில் வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ரிசீவரை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றி, அதே காட்சியை அதே ஒலியளவில் திரும்பத் திரும்ப ஓட்டினோம். அணையவில்லை. விற்பனையாளரின் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த குற்றம் ஒரு ரூபாய் செலவின்றி மறைந்துவிட்டது. இங்கேயே கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரருக்கு வேறு இரண்டு குறைகள் இருந்தன: சத்தமாக வைத்தால் பாட்டு "இறுகிவிடுகிறது", மகளின் கன்சோல் தரும், நொடிக்கு 120 சட்டகங்கள் கொண்ட 4கே படத்தை ரிசீவர் கடத்துவதில்லை.

மின்னழுத்தம் போதும், மின்னோட்டம் போதாது

"இறுகுகிறது" என்பது ஆம்ப்ளிஃபயரின் குறையா, மனத்தின் குறையா என்று கணக்கில் பார்க்கலாம். 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட்; 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். எனவே 86 டெசிபல் என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு வாட்டுக்கு என்று நேர்மையாகப் பார்த்தால் இந்த ஸ்பீக்கர் 83 டெசிபல்தான். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். 4 மீட்டருக்கு 8 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொண்டேன். ஆக, 2 வாட் கொடுத்தால் சோபாவில் 78 டெசிபல்.

அளவீடு செய்த ரிசீவரில் ஒலியளவு 0 என்பது திரையரங்கின் குறிப்பளவு: முதன்மைச் சேனல் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபல். வரவேற்பறையில் அந்த அளவில் படம் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இந்த வீட்டில் -10 வரை போவார்கள். அப்போது உச்சம் 95. 78-இலிருந்து 95-க்கு 17 டெசிபல், அதாவது 50 மடங்கு. 2 வாட் 100 வாட் ஆகிறது.

4 ஓமில் 100 வாட் என்றால் 20 வோல்ட், 5 ஆம்பியர். மின்மறுப்பு 3.2 ஓமுக்கு இறங்கும் இடத்தில் 6.25 ஆம்பியர். ரிசீவரின் 90 வாட் 8 ஓமில் அளந்தது. அதை விரித்தால் 26.8 வோல்ட், 3.35 ஆம்பியர். மின்னழுத்தத்தில் ரிசீவருக்கு இடம் மிச்சமிருக்கிறது. மின்னோட்டத்தில் கையேடு உறுதி தரும் அளவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கேட்கிறோம். கணநேர உச்சங்களில் ரிசீவர் அதைத் தந்துவிடும். நீடித்துக் கேட்டால் மின்வழங்கி தளரும், சூடேறும். "வாட் போதுமா" என்ற கேள்வியில் இந்த விவரம் தெரியவே தெரியாது. அதே 90 வாட் ரிசீவருக்கு 88 டெசிபல், 8 ஓம் அலமாரி ஸ்பீக்கர்களைக் கொடுத்து 3 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

ஸ்பீக்கர்களை மாற்றலாமே என்று கேட்கலாம். உணர்திறனில் 3 டெசிபல் கூடினால் பாதி மின்திறன் போதும். கணக்கில் அதுதான் மலிவான வழி. அந்த ஸ்பீக்கர்கள்மேல் அவருக்கு உள்ள பற்று எந்தக் கணக்கிலும் அடங்காதது. விட்டுவிட்டேன்.

காதைச் சோதித்தது

கணக்கு சொல்வதைக் காதும் சொல்கிறதா என்று பார்க்க, இரவலாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தோம். 4 ஓமில் நன்றாக மின்னோட்டம் தரக்கூடியது. ஒரே பிளேயர், ஒரே பாட்டு, ஸ்பீக்கரை இரண்டுக்கும் மாற்றித் தரும் ஒரு சுவிட்சுப் பெட்டி. சுவிட்சு மகள் கையில். வீட்டுக்காரர் அவளைப் பார்க்க முடியாதபடி உட்கார்ந்தார்.

இத்தகைய ஒப்பீட்டில் ஒலியளவைச் சமன் செய்யாவிட்டால் எல்லாம் வீண். சற்றே சத்தமான கருவி எப்போதும் "தெளிவானதாகவும்" "உயிருள்ளதாகவும்" கேட்கும். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகளில் பாதி இதனால்தான் முடிவாகின்றன. சோதனைத் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டையும் 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்தோம். மின்னழுத்தத்தில் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும் வேறுபாடு.

வழக்கமான மாலை ஒலியளவில் எது ரிசீவர், எது ஆம்ப் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு முறை தவறாகச் சொன்னார், பிறகு சிரித்துவிட்டார். சத்தத்தைக் கூட்டி, தாளக்கருவிகள் அடர்ந்த ஒரு பகுதியைப் போட்டபோது நிலைமை மாறியது. "இது ரிசீவர், அடி தட்டையாகிறது" என்று ஒவ்வொரு முறையும் பிடித்துவிட்டார். பாஸ் முழுவதும் ஸ்பீக்கருக்கே போகும் நேரடி முறையில் செய்த சோதனை இது என்பதையும் சொல்ல வேண்டும். 80 ஹெர்ட்ஸில் பிரித்தால் இடைவெளி சுருங்கும். ஆனாலும் 80-க்கும் 200-க்கும் இடையே தாளத்தின் பெரும்பகுதி இருக்கிறது, அதை இந்த ஸ்பீக்கர்கள்தான் தூக்க வேண்டும்.

தங்கள் எல்லைக்குள் இயங்கும் நல்ல ஆம்ப்ளிஃபயர்களிடையே காது வேறுபாடு காண்பது மிகக் கடினம். எல்லையைத் தாண்டும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். தனிக் கருவிகளைப் போற்றும் கட்சியும் ஏளனம் செய்யும் கட்சியும் பெரும்பாலும் வெவ்வேறு ஒலியளவில் உட்கார்ந்துகொண்டு சண்டை போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அன்றே அளவீட்டு மைக் ஒன்றை வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அறையையும் அளந்தேன். 66 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் உயரத்துக்கு ஒரு மேடு. எதிர்பார்த்ததுதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி, சில அதிர்வெண்களில் தங்கிப் பெருகுவதை நிலையலை என்பார்கள். 5.2 மீட்டர் நீளத்தின் முதல் நிலையலை 33 ஹெர்ட்ஸ், இரண்டாவது 66. 2.6 மீட்டர் உயரத்தின் முதல் நிலையலையும் 66. இரண்டும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன; போதாததற்கு சோபா, அழுத்தம் மிகும் பின்சுவரோரம். எந்த ஆம்ப்ளிஃபயரை மாற்றினாலும் 9 டெசிபல் மாற்றம் வராது. அறை தானாகவே அதைச் செய்துகொண்டிருக்கிறது. சோபாவை 40 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தால் நீளவாக்கு அலையின் பங்கு ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். இழுத்துப் பார்த்தோம், குறைந்தது. நடக்க வழியில்லை என்று மறுநாளே சோபா பழைய இடத்துக்குப் போய்விட்டது.

வழிகளை எடைபோட்டபோது

இருப்பதையே வைத்துக்கொள்வது முதல் வழி. அணைவது நின்றுவிட்டதால் இது கேவலமான முடிவு அல்ல. கன்சோலைத் தொலைக்காட்சியிலேயே நேராகச் செருகி, ஒலியை மட்டும் எச்டிஎம்ஐ கம்பியிலேயே திருப்பியனுப்பும் இ-ஏஆர்சி வழியாக ரிசீவருக்குத் திருப்பலாம் என்றால் மகளின் குறைக்கும் புது ரிசீவர் தேவையில்லை. ஆனால் பழைய ரிசீவரில் இ-ஏஆர்சி இல்லை. அதற்கு முந்திய சாதாரண ஏஆர்சி, சுருக்கப்பட்ட ஒலியையும் சுருக்காத இரண்டு சேனல் ஒலியையும் மட்டுமே கடத்தும். சுருக்காத பலசேனல் ஒலிக்கு அதில் இடமில்லை. சப்வூஃபரைத் தவிர வேறு எந்தச் சேனலுக்கும், பெருக்காத ஒலியை வெளி ஆம்புக்கு அனுப்பும் பிரீ-அவுட் முனையும் இல்லை, அதனால் வெளி ஆம்பைச் சேர்க்கவும் வழியில்லை.

விற்பனையாளர் சொன்ன முழுப் பிரிவினை இரண்டாவது. இதில் எனக்கு இருந்த தயக்கம் பவர் ஆம்பின் மேலல்ல, பிராசஸரின் மேல். கணினி வேலை செய்யும் பகுதி வேகமாகக் கிழடு தட்டுகிறது. எச்டிஎம்ஐ 2002-இல் வந்தது. 2006-இல் வந்த 1.3 பதிப்புதான் டால்பி ட்ரூஎச்டியை அப்படியே கடத்தியது, 2009-இல் 1.4 ஏஆர்சியைக் கொண்டுவந்தது, 2013-இல் 2.0, 2017-இல் 2.1-உம் இ-ஏஆர்சியும். திரையரங்கில் 2012-இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் ஒலிவடிவம் 2014-இல் வீட்டுக்கு வந்தது; அடுத்த ஆண்டே டிடிஎஸ் எக்ஸ். ஒவ்வொரு அலையிலும் பழைய பிராசஸர்கள் கரையொதுங்கின. 2020 இறுதியில் வெளிவந்த முதல் தலைமுறை 2.1 ரிசீவர்கள் சிலவற்றில், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் அனுப்பும் 4கே 120 படம் சிப்பின் கோளாறால் வரவே இல்லை. மறுபக்கம் பவர் ஆம்ப் இருக்கிறது: ஒரு முனையில் ஒலி உள்ளே, மறு முனையில் இரண்டு கம்பி வெளியே. முப்பது ஆண்டுக்கு முந்திய நல்ல ஆம்பை இன்றைய ரிசீவரோடு இணைத்தாலும் வேலை செய்யும். கூடிப்போனால் மின்தேக்கிகளை மாற்ற வேண்டியிருக்கும். வேகமாகப் பழசாகும் பாகத்தைக் கூடுதல் விலையில் தனிப் பெட்டியாக வாங்குவதில், இந்த அறைக்கு, எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஒரே தயாரிப்பாளரின் பிராசஸரிலும் உயர்ரக ரிசீவரிலும் உள்ளே இருக்கும் டிஜிட்டல் பலகை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதும் உண்டு. தனித் திரையரங்க அறை, பதினொன்று, பதின்மூன்று சேனல்கள், எல்லாமே பசியெடுத்த ஸ்பீக்கர்கள் என்றால் கதை வேறு. அங்கே முழுப் பிரிவினைதான் முறை.

மூன்றாவது வழிமேல் எனக்குத் தனிப்பட்ட சபலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. பிரீ-அவுட் உள்ள ரிசீவரோடு, தனக்கென்று ஒலித்திருகு உள்ள ஸ்டீரியோ இன்டகிரேட்டட் ஆம்ப் ஒன்றையும் வாங்கி, ரிசீவரின் முன் சேனல் பிரீ-அவுட்டை அதன் தியேட்டர் பைபாஸ் உள்ளீட்டில், அதாவது அந்தத் திருகைத் தாண்டிச் செல்லும் உள்ளீட்டில், செருகுவது. படத்துக்கு ரிசீவர் தலைமை தாங்கும். பாட்டுக்கு ரிசீவரைத் தொடவே வேண்டாம். ஒரு திருகு, ஒரு பிளேயர், பட்டியல்களின் தொல்லையில்லாத மாலை. ஆனால் அப்படிக் கேட்கும் பாட்டுக்கு ரிசீவரின் அறைத்திருத்தமும் சப்வூஃபர் பிரிப்பும் கிடைக்காது. 66 ஹெர்ட்ஸ் மேடு முழு உயரத்தோடு திரும்பிவரும். பாஸ் சுமையும் ஸ்பீக்கருக்கே திரும்பும். நல்ல அளவுள்ள அறையாக இருந்திருந்தால் இதையே சொல்லியிருப்பேன். தவிர, படம் பார்க்கும்போது ஆம்பைப் பைபாஸுக்கு மாற்ற மறந்து, அதன் ஒலித்திருகு வேறெங்கோ நின்றால் அளவீடு முழுவதும் பாழ். ஒரே ரிமோட் நிபந்தனை இங்கே குறுக்கே நின்றது.

மிஞ்சியது நடுவழி: எல்லாச் சேனல்களுக்கும் பிரீ-அவுட் உள்ள ரிசீவர் ஒன்று, முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கு மட்டும் இரண்டு சேனல் பவர் ஆம்ப். அதிக மின்னோட்டம் கேட்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் ரிசீவரின் தோளிலிருந்து இறங்கிவிடுகின்றன. அதன் மின்வழங்கி முழுவதும் நடு ஸ்பீக்கருக்கும் பக்க ஸ்பீக்கர்களுக்கும் கிடைக்கிறது. மூன்று சேனல் ஆம்ப் வாங்கி நடு ஸ்பீக்கரையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். 88 டெசிபல், 6 ஓம், 80 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும்; ரிசீவரே தாராளமாகத் தாங்கும். இதைத்தான் எழுதிக்கொடுத்தேன், இதைத்தான் வாங்கினார்கள்.

இணைத்த நாளில்

பவர் ஆம்ப் தேர்வில் வாட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது பெருக்கம். 4 ஓமில் 200 வாட் என்றால் ஆம்ப் 28.3 வோல்ட் தர வேண்டும். 29 டெசிபல் பெருக்கம் உள்ள ஆம்ப் உள்ளே வருவதை 28 மடங்காக்கும்; ரிசீவர் 1 வோல்ட் அனுப்பினால் போதும். 23 டெசிபல் பெருக்கம் என்றால் 14 மடங்குதான். 2 வோல்ட் வேண்டும். பிரீ-அவுட்டில் சுத்தமாக 2 வோல்ட் தரத் திணறும் ரிசீவர்கள் உண்டு. பெருக்கம் குறைந்த, ஓசையே இல்லாத அருமையான ஆம்பை வாங்கிவந்து, ரிசீவரால் அதை முழு வேலைக்குத் தள்ள முடியாமல் போன வீடுகளும் உண்டு. இங்கே 29 டெசிபல் ஆம்பைத் தேர்ந்தோம். அதன் மெல்லிய இரைச்சல் 86 டெசிபல் ஸ்பீக்கரில் சோபாவரை எட்டவில்லை. சில ரிசீவர்களில் உள் ஆம்பைத் துண்டித்துவிட்டுப் பிரீ-அவுட்டை மட்டும் இயக்கும் தேர்வு இருக்கிறது. இதிலும் இருந்தது, போட்டுவிட்டோம். ஆம்ப் டி வகுப்பு. சூடு சொற்பம், அலமாரியின் கீழ்த்தட்டிலேயே வைத்துவிட முடிந்தது. ரிசீவரின் 12 வோல்ட் டிரிக்கர் கம்பியை ஆம்பில் செருகியதும் இரண்டும் சேர்ந்து விழித்தன, சேர்ந்து உறங்கின. ரிமோட் ஒன்றுதான்.

முதல் முறை இயக்கியபோது முன் ஸ்பீக்கர்களில் உறுமல். விற்பனையாளரைக் கேட்டால் கேபிளை மாற்றச் சொல்வார். உண்மையில் இத்தகைய உறுமல் எர்த் வளையத்துக்கு உரிய அடையாளம். மின்விநியோகம் எந்த அதிர்வெண்ணோ அதிலும் அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். ரிசீவரின் பிளக்கில் எர்த் கம்பி இல்லை. புது ஆம்பில் இருக்கிறது. கேபிள் டிவி கம்பியின் மேலுறைக்கு வேறெங்கோ எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒலிக் கேபிள் பாலமாகிவிட்டது. செட்-டாப் பெட்டியிலிருந்து கேபிள் டிவி கம்பியைக் கழற்றியதும் உறுமல் நின்றது. அதே கம்பியில் ஒரு தனிமைப்படுத்தியைச் செருகியதோடு அந்தச் சிக்கல் முடிந்தது. ஆம்பின் எர்த் முனையை வெட்டிவிட்டால் உறுமல் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகும்தான். பழுது ஏற்படும் நாளில் ஆம்பின் உலோக உடலில் மின்சாரம் பாயாமல் காக்கும் கம்பி அது. அதில் கைவைக்கக் கூடாது.

பிறகு அறைத்திருத்த அளவீட்டைப் புதிதாக ஓட்டினோம். வெளி ஆம்பின் பெருக்கமும் ரிசீவரின் உள் ஆம்பின் பெருக்கமும் ஒன்றல்ல என்பதால் பழைய சேனல் அளவுகள் செல்லாது. தானியங்கி வழக்கம்போல முன் ஸ்பீக்கர்களைப் "பெரியவை" என்று குறித்தது, வழக்கம்போல மாற்றினோம். 66 ஹெர்ட்ஸ் மேடு 9-இலிருந்து 3 டெசிபலாக இறங்கியது. ஒலியளவு -10-இல் முழுப் படம் ஓடிய பின்னும் ரிசீவரின் மேல்மூடி கைவைத்துப் பார்க்கக்கூடிய இளஞ்சூட்டில் இருந்தது. பாட்டு இறுகுவதாக வீட்டுக்காரர் பிறகு சொல்லவில்லை. வழக்கமான மாலை ஒலியளவில் முன்பைவிட நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அதற்கு ஆம்பைவிட அறைத்திருத்தமே காரணம் என்று நினைக்கிறேன், வாதாடவில்லை.

மீதமுள்ள 3 டெசிபலுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபர் இப்போது முன் மூலையில் நிற்கிறது. எல்லா நிலையலைகளையும் முழு வேகத்தில் கிளப்பும் இடம் அது. முன்சுவரிலிருந்து 1.3 மீட்டரில், அதாவது நீளத்தின் கால் பங்கில், பக்கச்சுவரை ஒட்டி வைத்தால் நீளவாக்கின் 66 ஹெர்ட்ஸ் அலை கிளம்பவே கிளம்பாது. இடப்பக்கம் அந்த இடத்தில் கதவு திறக்கிறது. வலப்பக்கம் அதே இடத்தில் மகளின் படிப்பு மேசை நிற்கிறது. தேர்வு முடியும்வரை அதை நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.